சாய்ஸில் விட்ட பாடத்திலிருந்து எம்-1 வரை: கல்லூரிக் கணிதத்தைச் சொந்த வேகத்தில் கற்க முழு வழிகாட்டி

நம் ஊரில் தேர்ச்சி என்றாலே காதில் விழுவது 35 மார்க்தான். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தாளில் 2 மார்க் கேள்வி பத்தில் ஏழு எழுதினால் போதும். 3 மார்க்கும் அப்படியே. 5 மார்க் ஏழுக்கும் ‘அல்லது’ உண்டு. ஒரு மார்க் இருபதுக்குப் புக் பேக்கை உருப்போட்டால் கணிசமாகத் தேறிவிடும். தொகை நுண்கணிதத்தை மொத்தமாகச் சாய்ஸில் விட்டுவிட்டே நல்ல மார்க் வாங்கலாம், பலர் வாங்கியும் இருக்கிறார்கள். அதே ஆள் பொறியியல் முதல் செமஸ்டரில் எம்-1 என்கிற முதல் கணிதத் தாளின் வகுப்பில் உட்காரும்போது, விட்டதெல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

மாஸ்டரி முறை என்பது சாய்ஸ் இல்லாத படிப்பு. ஒரு தலைப்பு கைவந்த பிறகே அடுத்தது. வேகம் உங்கள் இஷ்டம், வரிசை உங்கள் இஷ்டம் இல்லை. வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் முதலாண்டு படிப்பவர்கள், டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு சேரப்போகிறவர்கள், மணலியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே விட்ட படிப்பைப் பிடிக்க நினைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தாள். நோட்டை விடக் கோடு போடாத ஏ4 தாள் மேல், ஏனென்றால் வரைபடம் போட இடம் கிடைக்கும். ஒரு ரீம் 500 தாள். நாளுக்கு 5 தாள் எழுதினால் 100 படிப்பு நாளுக்கு வரும். பாரிமுனை ஆண்டர்சன் தெரு முழுக்கப் பேப்பர் கடைதான், அங்கே ரீமாக வாங்கினால் கட்டுப்படியாகும். ஒருபக்கம் அச்சான தாள் கிடைத்தாலும் தாராளமாக எழுதலாம்.

பென்சில், ரப்பர் வேண்டாம், பால்பாயின்ட் பேனா எடுங்கள். அழித்துவிட்டால் தப்பு எந்த வரியில் நடந்தது என்று பின்னால் தேட முடியாது. தப்பான வரியை ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.

தனியாக ஒரு 200 பக்க நோட்டு. அது பிழை நோட்டு, அதற்கென்று ஒரு பகுதி கீழே வருகிறது.

போன் போதும், லேப்டாப் இருந்தால் வசதி. ஆனால் போன் திரை கேள்வியைக் காட்டுவதற்கு மட்டும்தான். விடை தாளில் பிறந்து திரைக்குப் போக வேண்டும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு மனக்கணக்காகவே போட்டுப் போகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு தலைப்பு வரை நன்றாகவே போவார்கள். மூன்று வரிக்கு மேல் நீளும் முதல் கணக்கில் கவிழ்ந்துவிடுவார்கள்.

கால்குலேட்டர் பையிலேயே இருக்கட்டும். எப்போது எடுக்கலாம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கடைசியாக நேரம். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 60 நிமிடம். இதை உங்களால் 12 வாரம் கொடுக்க முடியாது என்று தெரிந்தால் இப்போது தொடங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் என்பது இதற்குச் சமம் ஆகாது. ஆறு நாள் இடைவெளியில் பாதி மறந்துபோகும், ஞாயிறு முழுக்கப் பழையதைத் தூசு தட்டவே சரியாகிவிடும்.

2. ஒன்றைப் பிடியுங்கள், ஒன்றை மட்டும்

கற்க மூன்று வழி உண்டு. மேத் அகாடமி காசு கட்டிப் படிக்கும் இணையவழித் திட்டம். சந்தா மாதம் ஐம்பது டாலரை ஒட்டி வரும். சோதனை வைத்து உங்கள் ஓட்டைகளைக் கண்டுபிடித்து, எதை எப்போது படிக்க வேண்டும், எதை எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அதுவே தீர்மானிக்கும். அங்கே ஒரு எக்ஸ்பி, அதாவது ஒரு புள்ளி என்பது கவனம் சிதறாத ஒரு நிமிட உழைப்பு என்ற கணக்கு. பள்ளியை விட்டு நாளானவர்களுக்கு ‘மேத்தமெடிக்கல் ஃபவுண்டேஷன்ஸ்’ என்று மூன்று அடுக்குப் படிப்பு இருக்கிறது, பின்னத்தில் தொடங்கி நுண்கணிதம் வரை ஏற்றிவிடும்.

கான் அகாடமியும் இணையவழித் திட்டம்தான், ஆனால் இலவசம். ஒரு பயிற்சியில் 70 சதவீதம் எடுத்தால் ‘ஃபெமிலியர்’, 100 எடுத்தால் ‘ப்ரொஃபிஷியன்ட்’. ‘மாஸ்டர்ட்’ என்ற கடைசி நிலை பயிற்சியில் கிடைக்காது. பல தலைப்புகள் கலந்து வரும் சோதனையில் சரியாகப் போட்டால்தான் வரும். ஆனால் இங்கே கதவுக்குப் பூட்டு இல்லை, எந்தப் பாடத்துக்குள்ளும் நேரே போய்விடலாம். பூட்டை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்: ‘ஃபெமிலியர்’ நிலையில் எதையும் விட்டுவிட்டு நகர்வதில்லை என்று.

மூன்றாவது வழி, தாள் வழி. தமிழ்நாடு அரசின் 11, 12ஆம் வகுப்புக் கணிதப் புத்தகங்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இலவச பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. கூடவே ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் ப்ரீகால்குலஸ், கால்குலஸ் புத்தகங்கள், அவையும் இலவசம்தான். விடைப்பட்டியலை நீங்களே ஒளித்துவைத்து, நீங்களே திருத்திக்கொள்ளும் நேர்மை இருந்தால் இந்த வழியும் மோசமில்லை.

எதைப் பிடித்தாலும் மூன்று மாதம் அதிலேயே இருங்கள். அடிக்கடி பார்க்கும் தடுமாற்றம் இது: திங்கள் கான் அகாடமி, புதன் யூடியூப், வெள்ளி என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் விரிவுரை. மூன்றிலும் முதல் இரண்டு பாடம்தான் நடந்திருக்கும். என்பிடெல் விரிவுரைகளைக் குறை சொல்லவில்லை, அவை அடித்தளம் உள்ளவருக்கு. அஸ்திவாரம் போடாமல் மாடிக்குச் சென்ட்ரிங் அடிக்க முடியாது.

3. தொடக்கச் சோதனையை நேர்மையாக எழுதுவது

எந்தத் திட்டமும் முதலில் உங்களைச் சோதிக்கும். இங்கே நடக்கும் தப்புதான் பின்னால் மாதக்கணக்கில் வட்டி கட்ட வைக்கிறது. நான்கு விடையில் ஒன்றை ஊகித்துக் குத்துவது நமக்குப் பள்ளியிலேயே கைவந்த கலை. ஊகம் பலித்தால் அந்தத் தலைப்பு உங்களுக்குத் தெரியும் என்று திட்டம் நம்பும். அதன்மேல் நிற்கும் ஐந்து தலைப்புகளை உங்கள் தலையில் வைக்கும். அதனால் 40 நொடியில் வழி தெரியவில்லையென்றால் ‘தெரியாது’ என்பதை அழுத்துங்கள். பக்கத்தில் நண்பரை உட்கார வைக்காதீர்கள். அவருக்குத் தெரிந்ததை வைத்து உங்களுக்குப் பாடத்திட்டம் போட்டுவிடும்.

சோதனை நீளமாக இருந்தால் இரண்டு காலையில் பிரித்து எழுதுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதினால் தூக்கம்தான் மதிப்பெண் வாங்கும்.

தாள் வழியில் போகிறவர்களுக்கு ஒரு குட்டிச் சோதனை. கால்குலேட்டர் இல்லாமல், 10 நிமிடம்:

2/3 − 5/8 எவ்வளவு? −4² எவ்வளவு, (−4)² எவ்வளவு? √(36 + 64) எவ்வளவு? எக்ஸ்² = 5எக்ஸ் என்றால் எக்ஸின் எல்லா மதிப்புகளும் என்ன? 27-இன் அடுக்கு 2/3 என்றால்? அடிமானம் 2-க்கு 32-இன் மடக்கை? சைன் 150°? (1, 2), (3, 8) என்ற புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு?

விடைகள் வரிசையாக: 1/24; −16, 16; 10; 0, 5; 9; 5; 1/2; 3. எட்டும் சரி என்றால் சார்புகளிலிருந்து தொடங்கலாம். ஆறு ஏழு சரி என்றால் தவறிய தலைப்பை மட்டும் பத்து நாளில் சரிசெய்துவிட்டு அங்கேயே வாருங்கள். ஐந்தோ அதற்குக் கீழோ என்றால் இயற்கணிதத்தின் அடியிலிருந்து. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. எக்ஸ்² = 5எக்ஸ் கணக்கில் இரண்டு பக்கமும் எக்ஸால் வகுத்து 5 என்று மட்டும் எழுதுபவர்களில் நல்ல மார்க் எடுத்தவர்களும் இருப்பார்கள். எக்ஸ் பூஜ்யமாக இருக்கலாம், பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்பதை மார்க் கேட்டதே இல்லை.

4. வரிசை ஏன் இப்படி இருக்கிறது

பின்னம், குறிகள், அடுக்குகள். பிறகு காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு, அசமன்பாடு. பிறகு சார்பும் அதன் வரைபடமும். மடக்கை, முக்கோணவியல். எல்லை, வகையிடல், தொகையிடல். அணிகளை இருபடிச் சமன்பாடு முடிந்த எந்த இடத்திலும் செருகலாம்.

இந்த வரிசை யாரோ பிடிவாதமாகப் போட்டது மாதிரி தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி முதல் செமஸ்டரில் வந்த எம்ஏ3151 ‘மெட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ தாளையே எடுத்துப் பார்ப்போம். ஐந்து அலகு: அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிச் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகையீடு.

முதல் அலகில் ஐகன் மதிப்பு, அதாவது ஓர் அணிக்கே உரிய சிறப்பு எண்கள். முதல் வரிசை 4, 1. இரண்டாம் வரிசை 2, 3 என்று ஓர் அணி. மூலைவிட்டத்தில் மட்டும் லாம்டா என்ற தெரியாத எண்ணைக் கழித்து அணிக்கோவை எடுத்தால் (4 − லாம்டா)(3 − லாம்டா) − 2 = 0. விரித்தால் லாம்டா² − 7லாம்டா + 10 = 0. விடை 5, 2. இதில் அணி சம்பந்தப்பட்ட விஷயம் முதல் வரி மட்டும்தான். மீதி எல்லாம் ஒன்பதாம் பத்தாம் வகுப்பு. சறுக்குவதும் அங்கேதான்: கழித்தல் குறியோடு கழித்தல் குறியைப் பெருக்கும்போது −லாம்டா² என்று எழுதுவது, அல்லது கடைசி 2-ஐக் கழிக்க மறந்து 12 என்று விடுவது. ‘ஐகன் மதிப்பு கஷ்டம் சார்’ என்பார்கள். கஷ்டம் அடைப்புக்குறியை விரிப்பதில் இருக்கிறது.

சரிபார்க்கவும் வழி உண்டு. ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் மூலைவிட்ட எண்களின் கூட்டல் வர வேண்டும்: 5 + 2 = 7, 4 + 3 = 7. பெருக்கினால் அணிக்கோவை வர வேண்டும்: 10, 12 − 2 = 10. பத்து நொடி வேலை.

கடைசி அலகில் தொகையீட்டு வரிசையை மாற்றும் கணக்கு வரும். ஒய் = எக்ஸ்² என்ற வளைவுக்கும் ஒய் = எக்ஸ் என்ற கோட்டுக்கும் நடுவில் உள்ள பகுதி. ஒரு வழியில் எக்ஸ் 0-விலிருந்து 1 வரை, ஒய் எக்ஸ்²-இலிருந்து எக்ஸ் வரை. மாற்றினால் ஒய் 0-விலிருந்து 1 வரை, எக்ஸ் ஒய்-இலிருந்து √ஒய் வரை. படம் போட்டவருக்கு இது கண்ணுக்கு நேரே தெரியும். போடாதவர் எல்லைகளை அப்படியே இடம்மாற்றி எழுதிவிடுவார். இரண்டு வழியிலும் பரப்பு 1/6 வர வேண்டும், வராவிட்டால் படத்துக்குத் திரும்புங்கள். இந்தக் கணக்குக்கு முன்தேவை தொகையிடல் மட்டும் இல்லை. பரவளையத்தையும் நேர்கோட்டையும் ஒரே படத்தில் வரையத் தெரிவதும் அசமன்பாடு படிக்கத் தெரிவதும்தான். திட்டம் உங்களை வரைபடத்தில் இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் எரிச்சல்படாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

5. ஒரு பாடத்தை முடிக்கும் முறை

மாதிரிக் கணக்கை முதலில் படியுங்கள். பிறகு திரையைக் கையால் மூடிக்கொண்டு அதே கணக்கைத் தாளில் போடுங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்கள் அநேகம். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். கையை வைத்து மறைத்ததும் இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது என்று முழிப்பார்கள்.

எழுதும்போது ஒரு வரிக்கு ஒரே மாற்றம். அடைப்பை விரிப்பது ஒரு வரி, ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பது அடுத்த வரி. இரண்டையும் சேர்த்துச் செய்யும் வேகம் தானாக வரும், இப்போது வரவழைக்க வேண்டாம்.

சங்கிலி விதியை வைத்துப் பார்ப்போம். √(3எக்ஸ்² + 1) என்ற சார்பின் வகைக்கெழு வேண்டும். முதல் வரியில் வெளியே என்ன, உள்ளே என்ன என்று எழுதுங்கள்: வெளியே வர்க்கமூலம், உள்ளே 3எக்ஸ்² + 1. இரண்டாவது வரியில் வெளிச்சார்பின் வகைக்கெழு, உள்ளே இருப்பதைத் தொடாமல்: 1 ÷ 2√(3எக்ஸ்² + 1). மூன்றாவது வரியில் உள்ளே இருப்பதன் வகைக்கெழு: 6எக்ஸ். நான்காவது வரியில் பெருக்கல்: 3எக்ஸ் ÷ √(3எக்ஸ்² + 1). எக்ஸ் = 1 என்று போட்டால் 3/2.

புதியவர்கள் மூன்றாவது வரியை விட்டுவிடுவார்கள். அப்போது எக்ஸ் = 1-இல் 1/4 என்று வரும். எது சரி என்று எப்படித் தெரியும்? இந்த இடத்தில்தான் கால்குலேட்டரைப் பையிலிருந்து எடுக்கலாம். எக்ஸ் = 1 என்றால் சார்பின் மதிப்பு 2. எக்ஸ் = 1.01 என்றால் 2.01502. 0.01 நகர்ந்ததற்கு 0.01502 ஏறியிருக்கிறது, அதாவது ஏறத்தாழ 1.5 மடங்கு. 1/4 என்பது தப்பென்று யாரிடமும் கேட்காமல் தெரிந்துவிட்டது. வகையிடல் கணக்கு எதற்கும் இந்தச் சோதனை ஒத்துவரும்.

தொடர்ந்து இரண்டு தப்பு வந்தால் மூன்றாவதைப் போடாதீர்கள். மாதிரிக்குத் திரும்புங்கள். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் அந்தப் பாடத்தின் முன்தேவைத் தலைப்பைத் திறந்து இரண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஓட்டை அங்கே இருக்கும். அதற்கும் அசையவில்லையென்றால் மூடிவிட்டு மறுநாள் காலை. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டுவது வீரமாகத் தெரியும், ஆனால் அன்றைய மற்ற வேலை எல்லாம் அதில் போய்விடும்.

ஏஐ சாட்டில் கேட்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியைப் படம் எடுத்து அனுப்பி விடை வாங்கினால் நீங்கள் கணக்கே போடவில்லை என்று அர்த்தம். நீங்கள் எழுதிய வரிகளை அனுப்பி, எந்த வரியில் தப்பு என்று மட்டும் கேளுங்கள். சொல்லும் பதிலையும் எண் போட்டுச் சரிபாருங்கள். அதுவும் தப்புச் சொல்லும்.

6. பிழை நோட்டு

‘கவனக்குறைவு’ என்ற சொல்லை இந்த நோட்டில் எழுதக் கூடாது. அது ஒரு தப்புக்கும் காரணம் சொல்லாத சொல். ஒவ்வொரு பிழைக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: தப்பான வரி அப்படியே, என்ன நினைத்து அதை எழுதினீர்கள், சரியான வரி, எந்தத் தேதியில் திரும்பப் போட வேண்டும். தேதிகள் 1, 3, 7, 21 நாள் கழித்து. நான்கு முறையும் சரியாக வந்தால் அந்தப் பதிவை அடித்துவிடலாம்.

திரும்பத் திரும்ப வருபவை சில:

(எக்ஸ் + 6) ÷ (எக்ஸ் + 3) என்பதில் மேலும் கீழும் எக்ஸை அடித்துவிட்டு 2 என்பது. எக்ஸ் = 1 போட்டால் 7/4 வருகிறது, 2 வரவில்லை. பெருக்கலாக ஒட்டியிருப்பதைத்தான் அடிக்கலாம், கூட்டலில் நிற்பதை அடிக்கக் கூடாது.

−(எக்ஸ் − 3) என்பதை −எக்ஸ் − 3 என்று எழுதுவது. கழித்தல் குறி அடைப்புக்குள் இருக்கும் எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டும்.

√(எக்ஸ்²) என்றால் எக்ஸ் என்று முடிப்பது. எக்ஸ் = −5 போட்டுப் பாருங்கள், 5 வரும். அது எக்ஸின் மட்டு மதிப்பு.

பெருக்கலின் வகைக்கெழு வகைக்கெழுக்களின் பெருக்கல் என்று நினைப்பது. எக்ஸ் × எக்ஸ் என்று எடுத்தால் 1 × 1 = 1 வந்துவிடும். உண்மையில் 2எக்ஸ்.

கால்குலேட்டர் ரேடியனில் இருக்கும்போது சைன் 30 அடிப்பது. −0.988 என்று வரும், அதையும் அப்படியே எழுதிவைப்பவர்கள் உண்டு. சைனின் வகைக்கெழு கொசைன் என்பது ரேடியனில்தான் செல்லும் என்பதையும் இதே பக்கத்தில் குறித்துவையுங்கள்.

இன்னொரு வகைப் பிழை கணக்கில் இல்லை, கேள்வியின் சொல்லில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இது அதிகம். ‘சிம்ப்ளிஃபை’ என்றால் சுருக்கு. அதற்குப் பக்கத்தில் = 0 என்று தானாகச் சேர்த்து எக்ஸைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘சால்வ்’ என்றால்தான் தீர்வு காண வேண்டும். ‘எவாலுவேட்’ என்றால் மதிப்பு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜோடி ஜோடியாக எழுதிக்கொள்ளுங்கள்: சார்பு ஃபங்ஷன், எல்லை லிமிட், வகைக்கெழு டெரிவேட்டிவ், தொகையீடு இன்டெக்ரல், அணிக்கோவை டிட்டர்மினன்ட், மடக்கை லாகரிதம், முற்றொருமை ஐடென்டிட்டி, பகுதிப் பின்னம் பார்ஷியல் ஃப்ராக்ஷன். நாற்பது ஜோடி சேர்ந்தால் ஆங்கிலப் பாடம் பாதிக்கு மேல் பிடிபடும்.

7. மீள்பார்வை முதலில், புதுப்பாடம் பிறகு

60 நிமிடத்தை 15, 35, 10 என்று பிரியுங்கள். முதல் 15 பழைய தலைப்புகள், அடுத்த 35 புதுப்பாடம், கடைசி 10 பிழை நோட்டு. மீள்பார்வையைக் கடைசிக்கு வைத்தால் அது நடக்காது. களைப்பு வந்ததும் முதலில் கழற்றிவிடப்படுவது அதுதான்.

மறக்க ஆரம்பிக்கும் நேரத்தில் முக்கி நினைவுக்குக் கொண்டுவருவதில்தான் பாடம் கெட்டியாகிறது. அதனால் மீள்பார்வையில் நோட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே போடுவதில் பயன் இல்லை. ஒரு நிமிடம் தடுமாறுங்கள், பரவாயில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் விட்டுவிட்டீர்களா? திரும்பி வந்ததும் புதுப்பாடம் தொடாதீர்கள். மூன்று நாள் மீள்பார்வை மட்டும். விட்ட நாளைப் பிடிக்கிறேன் என்று ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் நாலாவது நாள் மறுபடி விட்டுப்போகும்.

8. கைவந்ததா என்று அளப்பது

ஒரு பகுதி முடிந்ததும் 10 கேள்வி, கலந்து. நோட்டு மூடி, 25 நிமிடம். ஒரே தலைப்பில் பத்தும் எடுத்தால் எந்த விதியைப் போட வேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லாமல் போகும். தேர்வில் சறுக்குவது விதி தெரியாமல் அல்ல, எந்த விதி என்று தெரியாமல்.

9 அல்லது 10 சரி என்றால் அடுத்த பகுதி. 7, 8 என்றால் தவறியவற்றின் தலைப்பை மட்டும் திரும்பப் பார்த்து மூன்று நாள் கழித்து வேறு 10 கேள்வி. 6 அல்லது கீழே என்றால் அந்தப் பகுதியை மறுபடி. இங்கே 7-க்கு 70 மார்க், ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று மனம் சமாதானம் சொல்லும். பத்தில் மூன்று பங்கு தெரியாத வகையிடலின்மேல் தொகையிடல் வந்து உட்காரும்போது அந்தச் சமாதானம் உதவாது.

9. எங்கே, எப்போது

ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் வீட்டில் அதிகாலை ஒரு மணி நேரம்தான் நிஜமாகவே கிடைக்கும் நேரம். 4.45-லிருந்து 5.45. ஷிஃப்ட் மாறுகிறவர்கள் கடிகாரத்தை வைத்துத் திட்டம் போடாமல் தூக்கத்தை வைத்துப் போடுங்கள்: எழுந்து முகம் கழுவி டீ குடித்த அடுத்த ஒரு மணி நேரம், அது காலையானாலும் மாலையானாலும்.

விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் போகும் நேரத்தில் புதுப்பாடம் வேண்டாம், தாள் விரிக்க முடியாது. பிழை நோட்டைப் புரட்டலாம், சொல் ஜோடிகளைப் பார்க்கலாம். வீட்டில் இடமே இல்லையென்றால் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற இடங்கள், எழும்பூர் கன்னிமாரா நூலகம். ஆடி மாதம் கூழ் ஊற்றும் வாரங்களில் தெருவுக்குத் தெரு மைக்செட் அலறும், அந்த நாட்களுக்கு மீள்பார்வையை மட்டும் ஒதுக்கிவையுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும், நெட் போகும். அக்டோபருக்கு முன்பே பாடநூல் பிடிஎஃப்களைப் போனில் இறக்கிவைத்தால் வேலை நிற்காது.

10. செமஸ்டர் தேர்வோடு பொருத்துவது

திட்டத்தின் கேள்விகளுக்கு விடை ஒரு எண், அல்லது ஒரு கோவை. 2021 விதிமுறையின் எம்-1 தாள் அப்படி இல்லை: 2 மார்க் 10, 16 மார்க் 5. பதினாறு மார்க்கில் மதிப்பெண் படிகளுக்குத்தான். திட்டத்தில் நன்றாகப் போகிறவர் தேர்வில் மூன்று வரி எழுதிவிட்டு, விடை சரிதானே என்று நிற்பதைப் பார்க்கலாம். அதனால் முதல் மாதத்திலிருந்தே வாரம் ஒரு பதினாறு மார்க் கேள்வியை முழுதாக எழுதுங்கள், 30 நிமிடம் வைத்து. பழைய கேள்வித்தாள் சீனியர்களிடம் கிடைக்கும். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் பொறியியல் கணிதப் புத்தகம் வாங்கினால் முதலில் விதிமுறை ஆண்டைப் பாருங்கள். 2017 புத்தகத்தில் அலகுகள் வேறு மாதிரி அடுக்கியிருக்கும்.

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது கணக்கைத் திருப்புங்கள்: 15 நிமிட மீள்பார்வை அப்படியே, புதுப்பாட நேரம் 35-ம் தேர்வுத் தாளுக்கு. அந்த நேரத்தில் இன்னும் முக்கோணவியலிலேயே நிற்கிறீர்கள் என்றால் ஐந்து அலகையும் துரத்தாதீர்கள். அணிகள் அலகுக்கும் பல மாறிச் சார்புகளுக்கும் முக்கோணவியல் அதிகம் தேவைப்படாது, அவற்றை முதலில் எடுங்கள். அந்தத் தாளில் அரியர் விழுந்தாலும் திட்டத்தை நிறுத்த வேண்டாம். 2021 விதிமுறையில் அடுத்த செமஸ்டரின் எம்ஏ3251 கணிதத் தாளிலும் ஐகன் மதிப்பு வருகிறது, வகைக்கெழுச் சமன்பாடுகளின் எண்வழித் தீர்வும் வருகிறது. நின்ற தலைப்பிலிருந்தே மறுநாள் காலை தொடரலாம்.